கப்பலின் ஆக்குப்புரை

சுற்றுலாக் கப்பலில் கட்டணம் கட்டி ஏறிய பயணி, அதே கப்பலுக்குள் மீண்டுமொரு கட்டணம் கட்டி, சமையற்கூடம், சலவைக்கூடம், குப்பை பிரிக்கும் அறை, கலையரங்கின் பின்பகுதி, கப்பலைச் செலுத்தும் இடமாகிய 'பிரிட்ஜ்' ஆகியவற்றை ஓர் அதிகாரியின் பின்னால் வரிசையாக நடந்து பார்த்துவரும் வழக்கம் 'பிஹைண்ட் த சீன்ஸ் டூர்' எனப்படுகிறது. பெருங்கப்பல்களில் இதற்கான கட்டணம் நூறு டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ அமைவதும், ஒரு தடவைக்குச் சிறு குழுவினரே சேர்த்துக்கொள்ளப்படுவதும், விரல் மூடிய காலணி கட்டாயமாவதும், தவறி விழுந்தால் நிறுவனம் பொறுப்பன்று என்று முன்கூட்டியே எழுதி வாங்கப்படுவதும் இதன் பொது இலக்கணங்களாம். பல கப்பல்களில் கைபேசியால் படமெடுக்கவும் தடை உண்டு. இத்தடை ஊர் திரும்பிய பயணியின் சுற்றத்தாருக்கு எவ்வகையிலும் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாகும்.

படம் இருந்திருந்தால் விரலால் தள்ளிவிட்டு முடித்துக்கொள்ளலாம். படம் இல்லாததால் கப்பலின் கீழ்த்தளம் முழுவதும் வாய்மொழியாகவே ஊருக்கு இறக்குமதியாகிறது. அண்மையில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையில் நடந்த ஒரு திருமணத்தில், சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர் ஒருவர், பந்திக்குக் காத்திருந்தவர்களிடம் படுக்கை விரிப்புகளை மடிக்கும் இயந்திரத்தின் செயல்பாட்டை இரு கைகளாலும் நடித்துக் காட்டத் தொடங்கி, முதற்பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்த பின்னும் மூன்றாவது மடிப்பைத் தாண்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர், கேட்டரிங் படித்து, சி.டி.சி. எனப்படும் கடலோடிப் பதிவேடு எடுத்து, கப்பலில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த அவருடைய மருமகன். "மாமா, அந்த மெஷின்ல துணி போடுறது நானாக்கும்" என்று அவர் சொன்னது மாமாவின் காதில் ஏறவில்லை. அல்லது ஏறியும், நூறு டாலர் கொடுத்துப் பார்த்தவரின் அறிவு, சம்பளம் வாங்கிப் பார்த்தவரின் அறிவுக்குத் தாழாது என்னும் கொள்கை அவ்விடத்தில் நிலைநாட்டப்பட்டது. இவ்வகைச் சொற்பொழிவுக்கு ஆளாகாத வாசகர் இரார் என்பதால் அதன் இயல்பை மேலும் விளக்க வேண்டியதில்லை.

தமிழர்க்குக் கப்பற்பயணம் புதிதன்று. 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில், ஆயிரக்கணக்கானோர் 'டெக் பயணிகள்', அதாவது அறையின்றித் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்தவர்கள், கடல் கடந்தனர். அவர்களுக்கும் கப்பலின் உழைப்புக்கும் இடையே திரை என்று ஒன்று இல்லாததால் திரைமறைவும் இல்லை. புகையும் சத்தமும் கட்டணத்தில் அடக்கம். அதன் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு அந்தக் காலம் முடிந்தது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ் என்னும் சுற்றுலாக் கப்பல், போய்ச் சேரும் ஊருக்காக அன்றிக் கப்பலுக்காகவே கப்பலேறும் புதிய பழக்கத்தைத் தமிழ்நாட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்காமற்போனபோதும் பயணம் கெட்டுவிடவில்லை என்பது, ஊர் எவ்வளவு தூரம் தேவையற்றதாகிவிட்டது என்பதற்குச் சான்றாகும். கரையில் பார்க்க ஊர் வேண்டாம் என்றானபின் கப்பலுக்குள்ளேயே எதையாவது பார்த்தாக வேண்டியிருக்கிறது.

இவ்வாறு பார்க்கும் வேட்கைக்குக் காரணங்கள் மூன்று. அவற்றுள் முதலாவது, சமைக்கும் இடத்தைக் காணவேண்டும் என்னும் ஆசை. இதனைத் தெளிவாக உணர்வதற்கு, கன்னியாகுமரி மாவட்டத்துத் திருமணங்களின் ஆக்குப்புரையைப் பற்றிச் சிறிது கூறுவது இன்றியமையாதது.

ஆக்குப்புரையாவது, விருந்துச் சமையலுக்காகக் கல்யாண வீட்டின் பின்புறம் ஓலையாலோ தகரத்தாலோ தற்காலிகமாகப் போடப்படும் கொட்டகை. அதன் தலைவர் தவசுப்பிள்ளை என்று அழைக்கப்படும் சமையற்காரர். முந்திய நாள் மாலை 'காய்கறி வெட்டு' என்ற பெயரில் உற்றார் கூடி, தடியங்காய், சேனை, ஏத்தங்காய், முருங்கைக்காய் முதலியவற்றை அரிவார்கள் என்று சொல்லப்படினும், உண்மையில் நால்வர் அரிய நாற்பதுபேர் அவர்களுக்கு அரியும் முறையைக் கற்பிப்பதே வழக்கம். அவியலுக்குக் காய் விரல் நீளம் இருக்கவேண்டுமா, விரல் என்றால் எந்த விரல் என்பது பற்றிய கருத்து வேறுபாடுகள் குடும்பப் பிளவுகளாக முதிர்ந்ததும் உண்டு. இரவு ஏற ஏறத் தேங்காய் துருவும் பக்கம் ஊர்வம்பும், சுக்குக்காப்பி அண்டாவின் பக்கம் அரசியலும் சூடு பிடிக்கும். விடியற்காலையில் உருளியில் அடைப்பிரதமன் வற்றத் தொடங்கும்போது, அதுவரை எங்கும் தென்படாத தாய்மாமன்மார் நறுக்கிய இலைத்துண்டோடு வரிசையாக வந்து, உள்ளங்கையில் வாங்கி நக்கி, "இனிப்பு ஒரு பொடிக்குக் கொறவு, கேட்டேரா" என்று தீர்ப்புச் சொல்வர். தவசுப்பிள்ளை "போட்டிரலாம்" என்று தலையசைத்துவிட்டு எதையும் போடாமல் கிண்டுவார். சற்று நேரங் கழித்து வந்து நக்கும் மாமன் "இப்போ சரியாயிருக்கு" என்பார். எரிசேரிக்குத் தேங்காய் வறுபடும் பதத்தில் ஒருவரும், ரசத்தின் காயத்தில் மற்றொருவரும் இவ்வாறே பங்காற்றி, விருந்து நன்றாக அமைந்தால் அது தம்மாலும், அமையாவிட்டால் தவசுப்பிள்ளையாலும் என்று முடிவு செய்து, இலையில் முதலாளாக உட்காருவர்.

இத்தனைக்கும் கட்டணம் இல்லை. காலணி கழற்றியிருப்பதே மரியாதை. எவரும் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனதில்லை. கப்பலின் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு தோலுரிக்கும் இயந்திரத்தைக் கண்டு வியந்து வந்த மேற்படி பெரியவர், தம் மகளின் திருமணத்தில் ஆக்குப்புரைப் பக்கம் எட்டிப் பார்த்தது, வெந்நீர் கேட்பதற்காக மட்டுமே என்பது ஊரறிந்த செய்தி. இப்போதோ குழித்துறை நகராட்சிக்குள் அடங்கிய மார்த்தாண்டத்து மண்டபங்களில் ஒப்பந்தச் சமையல் வந்து, வெட்டுவதும் வேகவைப்பதும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்து, விளம்புகிறவர்கள் மட்டும் கையுறையோடு வெளிப்படுகிறார்கள். கதவை அடைத்தாயிற்று, இனி அதைத் திறந்து காட்டுவதற்குச் சீட்டு அடிப்பதொன்றே பாக்கி. குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் மரணக்கிணற்றுக்கு அடுத்த கொட்டகையாக 'அவியல் தயாராகும் காட்சி, நபருக்கு ஐம்பது ரூபாய்' என்று ஒலிபெருக்கி கூவும் நாளில் இந்நிலத்தார் எவரும் வியப்படையத் தகுதியற்றவர் ஆவர்.

கப்பலுக்குத் திரும்பினால், அங்குக் காட்டப்படுவதினும் காட்டப்படாததே மிகுதி என்பது புலனாகும். இயந்திர அறை பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. இயந்திரக் கட்டுப்பாட்டு அறையின் திரைகளே காட்டப்படுகின்றன. முற்காலத்தில் எளிதாயிருந்த பிரிட்ஜ் நுழைவு, 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப்பின் அருகிப்போய், அருகியதனாலேயே விலையேறியது. உணவுக்கழிவை அரைக்கும் இயந்திரத்தின் முன் வழிகாட்டி பெருமிதத்தோடு நிற்பார்: 25 மில்லிமீட்டர்ச் சல்லடையில் புகும் அளவுக்கு அரைத்தால் பொதுவாகக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல் மைலுக்கு அப்பாலும் கடலில் விடலாம் என்பது மார்போல் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் விதி. இவ்விதியும் குழித்துறைப் பந்தியில், சரியாகப் பிரதமன் இலையில் விழுந்த வேளையில் எடுத்துரைக்கப்பட்டது.

சலவைக்கூடத்தில் நிற்பவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது வழிகாட்டியின் உரையில் இடம்பெறுவதில்லை. இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கடலோடியின் ஓய்வை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமலும், வாரத்துக்கு 77 மணி நேரத்துக்குக் குறையாமலும் வகுத்துள்ளது. வாரத்தில் மீந்துள்ள நேரத்தைக் கணக்கிடுவது வாசகர்க்கு எளிது. மாதக்கணக்கில் ஞாயிறு இல்லாத அவ்வேலையைச் சுற்றிப் பார்க்க வரும் குழு அங்கு நிற்பது சில நிமிடங்கள். "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு "கன்னியாகுமரி" என்று விடை வந்தால், "அப்படியா, விவேகானந்தர் பாறை!" என்று மகிழ்ந்து நகர்ந்துவிடும்.

எஞ்சிய இரண்டு காரணங்களுக்கு ஆக்குப்புரை இடம் வைக்கவில்லை. சில கப்பல்களில், சுற்றுலா முடிவில் கப்பல் தலைவரோடு எடுத்த படம் ஒன்று பயணியின் கைக்கு வருகிறது. பல கப்பல்களில், பணியாளர்க்குரிய அன்பளிப்பு நாள்தோறும் பயணியின் கணக்கில் தானாக ஏறுவதும், அதை நீக்கித் தரும்படி வரவேற்பு மேசையில் கேட்க வழியிருப்பதும் உண்டு. கடைசி நாள் மாலை அம்மேசையின் முன் நிற்கும் வரிசையில், உழைப்பைக் காண நூறு டாலர் கொடுத்தவர்களும் நிற்கிறார்கள். அந்த வரிசையைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. செருப்போடு போகலாம், படமும் எடுக்கலாம்.