மாமன் ஓட்டலுக்கு ஓலை

இன்னாடா பேராண்டி, ராத்திரி பூரா போனைத் தட்டிக்கினே கெடந்தியே, பொண்ணு கிண்ணு விவகாரமோன்னு ஒங்க ஆயா பயந்தே பூட்டா. அப்பாலதான் தெரிஞ்சுது, பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கிற ஒங்க மாமன் ஓட்டலை நீ விக்கிப்பீடியாவுல ஏத்தினதும், விடியறதுக்குள்ள எவனோ அழிச்சதும். அதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருக்கே? ஒக்காரு. பஞ்சாயத்து ஆபீசுல எழுத்தரா இருந்து தலை நரைச்சவன் சொல்றேன், கேளு.

நீ எழுதினதைப் படிச்சேன். “உத்திரமேரூரின் தலைசிறந்த உணவகம்”னு எடுத்த எடுப்புலயே போட்டுருக்கே. யாருடா சொன்னது? சாப்பிட்டவங்க எல்லாரும் சொல்றாங்களாம். அந்த எல்லாருல காசு குடுத்துச் சாப்பிட்டவன் எத்தினி பேரு, உன்னையும் என்னையும் கழிச்சிட்டுச் சொல்லு.

விக்கிப்பீடியாக்காரன் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். கடைக்காரனுக்கு ஒறவில்லாத, கைநீட்டிக் காசு வாங்காத நாலு பேரு, நல்ல பத்திரிகையிலயோ புஸ்தகத்துலயோ அந்தக் கடையைப் பத்தி விலாவாரியா எழுதியிருக்காங்களா? திறப்பு விழாச் செய்தி செல்லாது. தீபாவளி மலர் விளம்பரம் செல்லாது. நடிகர் ஒருத்தர் வந்து தோசை தின்ன போட்டோவைக் கல்லாவுக்கு மேல மாலை போட்டு மாட்டியிருக்காரே ஒங்க மாமன், உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டதே தப்பு, அதுவும் செல்லாது. அவரு புகழு அவரோட. சட்னிக்கு ஒட்டாது.

வேற ஊர்க்காரன் இதுக்குக் கோவிச்சா சரி. நீ கோவிக்கலாமா? நம்ம ஊரு வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல இன்னா வெட்டி வச்சிருக்கான்? முதலாம் பராந்தகச் சோழன் காலத்துல, 919லயும் 921லயும், ஊர்ச்சபை வாரியத்துக்கு யாரு வரலாம் யாரு வரக்கூடாதுன்னு கல்லுலயே எழுதிட்டான். முப்பத்தஞ்சுக்கு மேல எழுபதுக்குள்ள வயசு, வரி கட்டுற கா வேலி நெலம், சொந்த மனையில வூடு, போன மூணு வருசம் வாரியத்துல இருந்திருக்கக் கூடாது. இத்தனையும் சரியா இருந்தாத்தான் ஓலையில பேரெழுதிக் குடத்துல போடுவான். அப்பால ஒரு சின்னப் பையனை வுட்டு எடுக்கச் சொல்லுவான். இதுக்கு நடுவுல ஒரு வரி இருக்குது பாரு, அதைத்தான் நீ படிக்கணும். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டும் இல்லே, அவன் ஒறமொறையும் வெளியில. பட்டியலே போட்டுருக்கான்: மகன், மருமவன், சின்னம்மா பெரியம்மா புள்ளைங்க, கூடப் பொறந்தவ புள்ளைங்க. கூடப் பொறந்தவ புள்ளைன்னா ஒங்க மாமனுக்கு யாருடா? நீதான். ஆயிரத்து நூறு வருசத்துக்கு முந்தியே ஒனக்குன்னு ஒரு வரி வெட்டி வச்சிருக்கான், நீ அதைப் பார்க்காம ராத்திரியில தட்டிக்கினு இருக்கே.

ரொம்பப் பெருமைப்பட்டுக்காதே, இன்னொண்ணும் சொல்லிடறேன். அது பிராமணச் சபை. வேதம் தெரிஞ்சவனுக்குத்தான் ஓலை. நம்ம பாட்டன் அந்தக் குடத்துக்கிட்டயே போயிருக்க முடியாது. விதி நல்ல விதிதான். வாசல் யாருக்குத் தொறந்திருக்குதுன்னும் பாத்துக்கணும்.

ஒன் கட்டுரைக்கு வந்த இதே தகராறு ஆப்பிரிக்காக் கடை ஒண்ணுக்கும் வந்துச்சி. 2007 செப்டம்பர்ல விக்கிப்பீடியாவை ஆரம்பிச்ச ஜிம்மி வேல்ஸே, கேப் டவுன் பக்கம் குகுலேத்துன்னு கறுப்பு சனங்க வாழுற பேட்டையில இருந்த இம்ஸோலீஸ்ங்கிற கறிக்கடையைப் பத்தி ஒரு துண்டுக் கட்டுரை எழுதினாரு. சனம் கூட்டமாப் போயி கறி வாங்கிச் சுட்டுத் தின்னுட்டு ஆடிப் பாடின எடம். இருபத்திரெண்டு நிமிசம். அழிச்சிட்டான் ஒரு பையன். மொதலாளின்னும் பார்க்கலே! அந்தப் பையன் நம்ம தாலுக்கா ஆபீசுல இருந்திருந்தா பாதிப் பட்டா தகராறு தீர்ந்திருக்கும். அப்பால பெரிய சண்டை, வாதம், பிரதிவாதம். கடைசியில கட்டுரை நின்னுச்சி. மொதலாளி எழுதினதால இல்லே; தேடிப் பார்த்தா அந்தக் கடையைப் பத்திப் பத்திரிகைக்காரனுங்க ஏற்கெனவே எழுதியிருந்தானுங்க.

நம்மளுக்கு அங்கதான் இடிக்குது. தேர்தல் வந்தா பத்திரிகைக்காரன் இங்க வரான், கல்வெட்டைப் படம் புடிக்கிறான், மாமன் கடையில ரெண்டு இட்லிக்கு மூணு கரண்டி வடகறி ஊத்தித் தின்னுட்டு ஏப்பம் வுட்டுக்கினு பஸ் ஏறுறான். வடகறியைப் பத்தி ஒரு வரி உண்டா? மவுண்ட் ரோட்டுல 1951ல தொறந்த புகாரி ஓட்டலுக்கு அந்தக் கஷ்டம் இல்லே. சிக்கன் 65 எங்க கடையிலதான் பொறந்துச்சின்னு அவங்க சொன்னா, அதை எழுதவும் ஆள் உண்டு, மறுக்கவும் ஆள் உண்டு. ரெண்டு பேரும் எழுதினா அதான் ஆதாரம்.

கூகுள்ல நாலரை நட்சத்திரம் இருக்குதுன்னு சொல்ல வரே, தெரியும். லண்டன்ல ஒரு பய, வூட்டுப் பின்னாடி இருந்த தோட்டத்துக் கொட்டாயை ஓட்டல்னு டிரிப் அட்வைசர்ல பதிஞ்சான். கூட்டாளிங்க ஆளுக்கொரு புகழ் மாலை. 2017ல லண்டன்லயே மொத எடம்! அடுப்பே பத்த வைக்கலடா. படத்துல பலகாரம் மாதிரி தெரிஞ்சது சவர நுரை. ஒங்க மாமனுக்கு வந்த நட்சத்திரத்துல ஒம்போது பேரு நம்ம தெருக்காரன், பேரைப் பார்த்தாலே தெரியுது.

இன்னொரு ஆபத்தும் இருக்குது. விக்கிப்பீடியாவுல ஏறிட்டா நல்லது மட்டும் ஏறும்னு நெனைக்காதே. சரவண பவன் 1981ல கே.கே. நகர்ல ஆரம்பிச்சி ஒலகம் பூரா கிளை வுட்டதும் அதுல இருக்குது, அதோட மொதலாளி கொலை வழக்குல ஆயுள் தண்டனை வாங்கினதும் அதுலயே இருக்குது. சாம்பாரை மட்டும் எழுதுன்னு யாரும் சொல்ல முடியாது. நாளைக்கு ஒங்க மாமன் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து எண்ணெய்ச் சட்டியை மோந்து பார்த்தாருன்னா, அதை வேற எவனாவது எழுதுவான். நீ அழிப்பே, அவன் திரும்பப் போடுவான். அப்பால மாமன் ஒனக்குப் பொண்ணு குடுப்பாருன்னு நெனைக்கிறே?

எழுதணும்னு கை அரிச்சா காஞ்சிபுரம் இட்லியை எழுது. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி. மூங்கில் குடலையில மந்தாரை எலையைச் சுத்தி, மாவுல மெளகும் சீரகமும் சுக்கும் போட்டு அவிக்கிறது. அதைப் பத்தி எழுதினவன் ஏகப்பட்ட பேரு, ஒனக்கு ஒறவும் இல்லே.

மாமன் ஓட்டலுக்கு எழுத்துல இருக்கிற ஒரே ஆதாரம் கல்லாவுக்குக் கீழ இருக்கிற அந்தச் செவப்பு அட்டை கடன் நோட்டு. வருசக் கணக்கா தேதி போட்டு, தொகை போட்டு, ஒழுங்கா எழுதியிருக்காரு. அதைப் படம் புடிச்சி ஏத்தலாம்னு மட்டும் நெனைக்காதே. மொதப் பக்கத்துலயே என் பேருதான் இருக்குது.