மணவிற்கூத்தனுக்கு ஐந்து யூசர்நேம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில், திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன் மணவூர். பெரும்பாலோர் அதைத் தூங்கியே கடந்துவிடுவார்கள். சோழர் காலத்தில் அதற்கு மணவில் என்று பெயர்; அதை வைத்து மணவிற்கோட்டம் என்று ஒரு கோட்டமே இருந்தது. அந்தக் கோட்டத்துக்காரர் ஒருவர் முதலாம் குலோத்துங்கனிடமும் பிறகு விக்கிரம சோழனிடமும் படைத்தலைவராக இருந்தார். கல்வெட்டுகளில் அவரைத் தேடினால் தலை சுற்றும். மணவிற்கூத்தன் என்பார்கள், காலிங்கராயன் என்பார்கள், பொன்னம்பலக்கூத்தன் என்பார்கள், நரலோகவீரன் என்பார்கள், ஊரைச் சொல்லி அரும்பாக்கிழான் என்றும் சொல்வார்கள். ஐந்தும் ஒரே ஆள். சிதம்பரத்திலும் திருவதிகையிலும் திருப்பணி செய்தவர், பாஸ்வேர்டு மறந்துபோன ஒவ்வொரு முறையும் புது அக்கவுண்ட் திறந்திருக்கிறார் போலிருக்கிறது.

அத்தனையையும் ஒட்டவைத்து 'இவர் ஒருவர்தான்' என்று சொல்லக் கல்வெட்டறிஞர்கள் வரவேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வெப் அப்ளிகேஷன் ஒன்றில் ஒற்றை உள்நுழைவை (எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு) கொண்டுவந்து மாட்டியவர்களுக்கு இந்த வலி புரியும். சர்வரை இணைப்பது பெரிய காரியமில்லை. பழைய டேபிளில் இருக்கும் 'குமார்', 'எஸ்.குமார்', 'குமார்1', 'குமார்_புதுசு' நால்வரும் ஒருவரா, நால்வரா என்று கண்டுபிடிப்பதில்தான் ஆயுள் கழிகிறது. நரலோகவீரனாவது கல்லில் இருந்தார், இடம் மாறவில்லை. குமார் நடுவில் வேலையை விட்டுப் போய், வேறு குமார் வந்திருப்பார்.

இப்படி ஆட்களைக் குழப்பமில்லாமல் பதிந்துவைக்கும் டைரக்டரி என்பதை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக எண்ணுகிறவர்கள் மணவூருக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கலாம். 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. ஊர் சும்மா பழையனூர் இல்லை: ஜயங்கொண்ட சோழமண்டலத்து, மேன்மலைப் பழையனூர் நாட்டு, பழையனூர். மண்டலம், நாடு, ஊர் என்று கிளை பிரிந்து இறங்கும் முகவரி. இன்றைய எல்டாப் டைரக்டரியிலும் ஒவ்வொரு ஆளுக்கும் இப்படித்தான் நீளமான பெயர். வரிசை மட்டும் தலைகீழ், ஆளில் தொடங்கி நிறுவனத்தில் முடியும்.

ராஜா வாயால் சொன்னதும் வேலை முடிந்துவிடவில்லை. கேட்டு எழுதும் திருமந்திர ஓலை, அதைச் சரிபார்க்கும் ஓலைநாயகம், வரிக்கணக்கைக் கவனிக்கும் புரவுவரித் திணைக்களம் என்று ஆணை மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் நாட்டார் கைக்கு வரும். அவர்கள் ராஜாவிடம் போய்ப் 'பாஸ்வேர்டு என்ன?' என்று கேட்கவில்லை. செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் இரட்டை மீனும் வில்லும் பதித்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, நம்பினார்கள். சாம்எல் என்ற நெறிமுறை 2002-ல் செய்ததும் இதே காரியம்தான்: அப்ளிகேஷனுக்கு உங்கள் ரகசியச் சொல் தெரியாது, தெரியவும் வேண்டாம். நம்பகமான இடத்திலிருந்து கையெழுத்திட்ட சீட்டு வந்தால் கதவைத் திறக்கும். சோழர்கள் ஒரு படி மேலே போய், கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டி உறுதிசெய்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு ஓடிபி வந்தது மறந்துபோகலாம், யானை வந்தது நிச்சயம் மறக்காது.

இவ்வளவு தெளிவாக இருந்த விஷயத்தை அமெரிக்கர்கள் 1961-லிருந்து குழப்பத் தொடங்கினார்கள். எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வசதியாக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்டு ஃபைல் முழுவதையும் பிரிண்ட் எடுத்துவிட்டார். 1966-ல் அதற்கும் தேவையில்லாமல் போயிற்று: இரண்டு ஃபைல்கள் இடம் மாறிப்போக, லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் வந்து விழுந்தது.

1988-ல் உலகத் தொலைபேசித் துறைகள் கூடி எக்ஸ்.500 என்ற டைரக்டரி நெறிமுறையைப் பெற்றெடுத்தன. அதன் கனம் தாங்காமல் 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் முதலியோர் இளைக்கவைத்ததுதான் எல்டாப். இளைத்ததிலும் ஒரு முள் தங்கிவிட்டது: அதில் ஒரு மனிதரைப் பதியவேண்டுமானால் குடும்பப் பெயர் கட்டாயம். அது இல்லாவிட்டால் அவர் மனிதரில்லை. ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் தெலுங்குக்காரர்களுக்கு இன்ட்டிபேரு என்ற குடும்பப் பெயர் கைவசம் இருக்கிறது, தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழருக்கு இனிஷியல்தான். கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று அப்பா பெயரைப் போடுகிறோம். பிறகு கம்பெனி மெயில் எல்லாம் 'அன்புள்ள முனுசாமி' என்று காலமான அப்பாவுக்கு வருகிறது. மகன்தான் மீட்டிங்குக்குப் போகிறான்.

ஆட்கள் மட்டுமல்ல, ஊர்களும் டைரக்டரி மாறும். திருத்தணி அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய ஊர்தான். சித்தூர் மாவட்டத்தின் கிளையாக இருந்ததைப் பிடுங்கி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தின் கீழ் வைத்தார்கள். இன்றைய அட்மினுக்கு அது ஒற்றை வரிக் கட்டளை. அந்த மாற்றத்தைக் கேட்ட தமிழ்த் தலைவர் ம.பொ.சி.க்குப் பல ஆண்டுப் போராட்டமும் சிறையும்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்று 1999-ல் மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட் என்ற சேவையோடு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கே ஹாட்மெயிலுக்குள் பலரால் நுழைய முடியவில்லை. காரணம், பாஸ்போர்ட்டின் இணைய முகவரிக்கான 35 டாலர் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்ட மறந்துவிட்டார்கள். மைக்கேல் சேனி என்ற லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டில் கட்டிக் கதவைத் திறந்துவிட்டார். நிறுவனம் நன்றியாக அனுப்பிய 500 டாலர் காசோலையை அவர் ஏலத்தில் விட்டது தனிக்கதை.

நம் நாடு சளைத்ததா? 2022 ஜூலையில் 'மேரி பெஹ்சான்' என்ற தேசிய ஒற்றை உள்நுழைவு வந்தது. உள்ளே போனால், டிஜிலாக்கர் வழியாகவா, இ-பிரமாண் வழியாகவா, ஜன் பரிசய் வழியாகவா என்று கேட்கிறது. ஒற்றை என்றால் மூன்று. தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 'ஒருமுறைப் பதிவு' ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசாங்கத்தின் எண்கணிதமே வேறு என்று தெரியும்.

உங்கள் அலுவலக அப்ளிகேஷனில் ஒற்றை உள்நுழைவைப் பொருத்தப் போகிறீர்களா? முதலில் குமார்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடியுங்கள். டைரக்டரி சர்வர் படுத்துக்கொண்டால் உள்ளே நுழைய ஒரே ஒரு உள்ளூர் அட்மின் கணக்கை வைத்து, அதன் பாஸ்வேர்டை உறையில் ஒட்டிப் பீரோவில் பூட்டுங்கள். சீட்டில் கையெழுத்திடும் சர்டிபிகேட் என்றைக்குக் காலாவதியாகிறது என்பதை, கூடுமானால் இன்றைக்கே, சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் குறித்துவிடுங்கள். 35 டாலர் கட்ட எல்லா ஊரிலும் ஒரு மைக்கேல் சேனி இருக்கமாட்டார்.