ஏட்டுச் சுரைக்காயும் எட்டாவது மாடியும்

வாப்பா, உக்காரு. பசியாறிட்டியா? காடிய எங்க நிறுத்தினே, மஞ்சக் கோட்டு மேலயா? போகட்டும், மாநகராட்சிக்காரன் சீட்டு வெச்சா உனக்கென்ன, பாயான் லெப்பாஸ்ல கைநிறையச் சம்பளம் வாங்குறவன். கண்ணுக்கே தெரியாத சில்லையெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துச் செய்யுற பிள்ளைக்கு, மூஞ்சிக்கு நேரா தொங்குற பூவுல எது ஆண், எது பெண்ணுன்னு தெரியலன்னு உங்கம்மா சொன்னா பாரு, எனக்குச் சோறு இறங்கல. வருத்தத்துல இல்லப்பா. சிரிச்சுப் புரையேறிடுச்சு.

ஜெலுத்தோங்ல எட்டாவது மாடி, பால்கனி பூராவும் சுரைக்கொடி. கேக்கவே சந்தோஷம்தான். உன் கொள்ளுத்தாத்தா பத்து காவான் தோட்டத்து லயத்துக் கூரையில ஏத்திவிட்டத நீ இரும்புக் கிராதியில ஏத்தியிருக்க. அந்த லயம் இருந்த பக்கம் இப்ப ஐக்கியா கடை நிக்குது, அது வேற கதை. ஆனா இந்த ஒரு கொடிக்கு நீ வாங்கிக் குவிச்ச சாமானக் கேட்டுத்தான் மலைச்சுப் போனேன். வேருக்கு ஒரு டானிக், பூவுக்கு ஒரு டானிக், மண்ணுல ஈரம் இருக்கான்னு பாக்க ஒரு மீட்டர். விரல வெச்சா தெரியாதா? ஓ, விரல் எப்பவும் கைபேசி மேலல்ல இருக்கு! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொன்ன கிழவன் வெறும் ஏட்டப் பாத்தே அவ்வளவு சலிச்சுக்கிட்டான். உன் வீடியோச் சுரைக்காயப் பாத்திருந்தா என்ன பாடு பட்டிருப்பானோ.

பூவாப் பூத்துக் கொட்டுது, ஒண்ணுகூட காய் நிக்கலன்னுதான வந்திருக்க? சொல்றேன். சுரையில முதல்ல வர்ற பூவெல்லாம் ஆம்பளைப் பூ. நீளமான காம்புல தலைய நிமித்திக்கிட்டு நிக்கும், வேலை ஒண்ணும் செய்யாது. பொம்பளைப் பூ பின்னால வரும், அவசரப்படாம. அதுக்குப் பின்பக்கம் சுண்டுவிரல் நுனியளவு ஒரு பிஞ்சு, மயிர் படர்ந்தாப்ல, பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டிருக்கும். அதப் பாத்தாப் போதும், வேற அடையாளம் வேணாம். நடுக்கொடியில ஆண்பூதான் அதிகம். பக்கக் கிளையிலதான் பெண்பூ கூடுதலா வரும். அதனால கொடி உன் தலைக்கு மேல போனதும் நுனியக் கிள்ளிவிடு. மனசு வராதுதான். கிள்ளு.

இப்பதான் முக்கியமான விஷயம். பூசணியும் வெள்ளரியும் காலையில மஞ்சளாப் பூத்து தேனீயக் கூப்பிடும். சுரை அப்படியில்ல. வெள்ளைவெளேர்னு, பொழுது சாயுற நேரத்துலதான் இதழ விரிக்கும். விட்டில்பூச்சிக்குத்தான் அந்த வெள்ளை. மறுநாள் காலையில பாத்தா கசங்கின கைக்குட்டை. எட்டாவது மாடிக்கு விட்டில் லிப்டுல ஏறி வருமா? நீதான் தரகு பாக்கணும். ஏழு ஏழரைக்கு, சூரியன் கெடா பக்கம்... இல்லல்ல, அது கிழக்கு. சூரியன் கடல்ல இறங்குற நேரம்னு வெச்சிக்க. ஓர் ஆண்பூவப் பறி, இதழப் பிச்சுப் போடு, உள்ள இருக்கிற மகரந்தத்தப் பெண்பூ நடுவுல லேசா தடவு. அய்யரு வேணாம், மண்டபம் வேணாம், அரை நிமிஷத்துல கல்யாணம் முடிஞ்சிடும்.

ஆனா அந்த நேரத்துல நீ எங்க இருக்க? ஒண்ணு, துன் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில முன்னாடி போற காடியோட சிவப்பு விளக்கப் பாத்துக்கிட்டு. இல்லன்னா கர்னி டிரைவ்ல கடிகாரத்தப் பாத்துப் பாத்து ஓடிக்கிட்டு. வீட்டுக்கு ஒம்பது மணிக்கு வந்து, பூவப் படம் புடிச்சுப் போட்டுட்டுப் படுத்துடுவ. சுரை உங்கிட்ட டானிக் கேக்கலப்பா. சாயங்காலம் வீட்டுல ஒரு ஆளு இருக்கணும்னு கேக்குது. அது கடையில கிடைக்காது.

நம்ம ஊருக் காய்க்கு இவ்வளவு நுணுக்கமான்னு கேப்ப. நம்ம ஊருன்னு யாரு சொன்னது? சுரையோட சொந்தபந்தம் அத்தனையும் ஆப்பிரிக்காவுல காட்டுக்கொடியாத்தான் கிடக்கு. சுரையே சிம்பாப்வே பக்கம் காட்டுல தானா முளைச்சுக் கிடந்தத இருபது வருஷத்துக்கு முன்ன கண்டுபுடிச்சாங்க. ‘சுரை போட்டா அவரை முளைக்குமா’ன்னு நாம கேக்குறோமே, அந்த அவரையும் ஆப்பிரிக்கா ஆளுதான். ரெண்டும் ஒரே கண்டத்துக்காரங்க, நாமதான் நடுவுல நின்னு வம்பு மூட்டிவிடுறோம்.

அங்கேருந்து உலகம் பூராவும் எப்படிப் போச்சுங்கிற? மனுசன் பத்தாயிரம் வருஷமா கையோட கொண்டு திரிஞ்சது ஒரு பக்கம். அமெரிக்காவுக்கு மட்டும் அது யாரையும் நம்பல. காய்ஞ்ச காய் கடல்ல விழுந்து மிதந்து, அட்லாண்டிக்கைத் தாண்டித் தானே கரையேறியிருக்குன்னு 2014-ல மரபணுவ ஆராய்ஞ்சவங்க சொன்னாங்க. அதுக்கு முன்னால 1950கள்லயே ரெண்டு அமெரிக்கக்காரங்க சுரைக்காய உப்புத்தண்ணியில ஏழு மாசத்துக்கு மேல மிதக்கவிட்டுப் பாத்தாங்க. உள்ள இருந்த விதை அப்புறமும் முளைச்சுச்சு. இப்படிச் சமுத்திரத்தத் தாண்டின விதைய நீ வெதுவெதுப்பான தண்ணியில, டிஷ்யூ தாளுல, டப்பாவுக்குள்ள வெச்சுத் தாலாட்டுற.

நம்மாளுங்க ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேருந்து பினாங்குல வந்து இறங்கினப்ப முந்தானை முடிச்சுல என்னென்ன விதை இருந்துச்சோ, எந்த வெள்ளைக்காரனும் கணக்கு எழுதல. கும்பினிக்காரன் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும்தான் தோட்டம் போட்டுப் பேரேடு வெச்சான். சுரை ஏழைக் காய், கூரைக் காய். ஆனா நாம வர்றதுக்கு முன்னயே இங்க இருந்தவங்களும் அத விட்டுவைக்கல. மலாய்க்காரங்க லாபு ஆயர்னு தேங்காய்ப்பால் ஊத்தி ஆக்குறாங்க. கோலகங்சார் பக்கத்துல சாயோங்ல செய்யுற கருப்பு மண்கூஜா இருக்கே, லாபு சாயோங், அது அச்சா சுரைக்குடுக்கை வடிவம்தான். தண்ணி சில்லுனு இருக்கும், உன் குளிர்பெட்டி தோத்துப்போகும். சீனங்க கோயில்ல போய்ப் பாரு. எட்டுத் தேவருங்கள்ல ஒருத்தர், லீ தியேகுவாய், நொண்டிக்காலோட ஊன்றுகோல் புடிச்சுக்கிட்டு, கையில மருந்துக் குடுக்கை வெச்சிருப்பார். நமக்குத் தஞ்சாவூர் வீணையில கழுத்துப் பக்கம் தொங்குற குடம் ஆதியில சுரைக்குடுக்கைதான். இப்ப காகிதக்கூழுலயும் பைபர்லயும் செய்யுறாங்க. மீரஜ்ல தம்பூராவுக்கு இன்னைக்கும் பெரிய சுரைதான். மேற்கு ஆப்பிரிக்காவுல கோரான்னு இருபத்தோரு தந்தி வாத்தியம், அரைச் சுரைக்கு மேல தோலப் போத்திக் கட்டினது.

பாப்புவா மலைநாட்டுல அதவிட ஒரு படி மேல. ஆம்பளைங்களுக்கு ஒரு காலத்துல உடுப்பே காய்ஞ்ச சுரைதான், கோத்தேக்கான்னு பேரு. எங்க மாட்டுவாங்கன்னு உங்கம்மா இருக்கிறப்ப சொல்லமாட்டேன். 1971-ல இந்தோனேசிய அரசாங்கம் அதக் கழட்டிக் கால்சட்டை போடவைக்கத் தனியா ஒரு நடவடிக்கையே எடுத்துச்சு. பலிக்கல. காத்தோட்டமா இருந்தவன் கேப்பானா?

சரி, உன் பால்கனிக்கு வருவோம். பட்டம் பாத்து விதைச்சியான்னு கேட்டதுக்கு ‘ஆடிப்பட்டம்’னியாம். ஆடிப்பட்டம் காவேரிக்கரைக்கு. இங்க ஆடியில விதைச்சா காய்க்கிற நேரம் புரட்டாசி ஐப்பசி மழையில பிஞ்செல்லாம் அழுகும். தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் விதையப் போடு. ரெண்டு ரெண்டரை மாசத்துல, தங்க ரதமும் வெள்ளி ரதமும் தண்ணீர்மலைக்குக் கிளம்புற வெயில் காலத்துல, காய் தொங்கும். தொட்டி பெருசா இருக்கட்டும், பெயிண்ட் வாளி பத்தாது. அடித்தட்டுல தண்ணி தேங்கவிடாத. ஏடிஸ் கொசு முட்டை விட்டா சுகாதார இலாகா வந்து உன் பேருல ஒரு சீட்டு எழுதும். காடிக்கு ஒண்ணு, கொடிக்கு ஒண்ணு.

உரம்? பூ டானிக்கத் தூக்கிப் போடு. ஹொக்கியன் மீ கடைக்காரன் சாறு எடுத்துட்டு இறால் ஓட்ட மூட்டையாக் கொட்டுவான். நல்லபடியாக் கேட்டா தருவான். நல்லாக் கழுவி, மண்ணுக்குள்ள ஆழமாப் புதைச்சு வை. இல்லன்னா எட்டு மாடிப் பூனையும் உன் வீட்டுல குடியேறிடும். அதுவும் அளவோட. ரொம்ப ஊட்டினா இலை குடையளவு விரியும், பூவுக்கு மனசு வராது.

காய் பிடிச்சதும் ஈ வந்து தோலுல குத்தி முட்டை வைக்கும். பிஞ்சுலயே காகிதத்துல சுத்திக் கட்டணும். அந்தக் காலத்துல தமிழ் நேசன் இருந்துச்சு, படிச்சு முடிச்சதும் காய்க்குச் சட்டை. 2019-ல அது நின்னுபோச்சு. நீ செய்தி படிக்கிற சாதனத்தச் சுரைக்காய்க்குச் சுத்த முடியாது பாரு, அதுக்காகவாச்சும் ஒரு பேப்பர் வாங்கு. காய் கனக்க ஆரம்பிச்சதும் வெங்காய வலைப்பையில தொட்டில் கட்டிக் கிராதியோட சேத்து மாட்டு. ரெண்டு கிலோச் சுரை எட்டாவது மாடியிலேருந்து எவனோட மைவி மேலயாவது விழுந்தா, அவனுக்கு நீ வீடியோ காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது. கட்டைவிரல் நகத்த வெச்சு அழுத்து, தோல் சுலபமா இறங்கினாப் பறி. இறங்கலன்னா விட்டுடு, குடுக்கைக்காச்சும் ஆகும்.

இந்த ஜூஸ் சமாச்சாரத்துல மட்டும் நான் விளையாடல, காது கொடுத்துக் கேளு. காலையில வெறும் வயித்துல சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறியாம். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணி அது. தண்ணிய அரைச்சுக் குடிக்கிற மொத ஆளு நீதான்னு சிரிச்சுட்டு விட்டிருப்பேன். ஆனா சுரையில பேய்ச்சுரைன்னு ஒண்ணு உண்டு. பாக்க நல்ல காய் மாதிரியே இருக்கும், நாக்குல வெச்சாக் கசக்கும். காட்டுச் சுரையோட மகரந்தம் கலந்த விதைன்னாலும், கொடி வெயில்ல வாடி வதங்கினாலும் கசப்பு ஏறலாம். குக்கர்பிட்டாசின்னு ஒரு நஞ்சு. வேகவெச்சாலும் போகாது. 2010-ல தில்லியில படிச்ச மனுசர் ஒருத்தர் கசந்த ஜூஸ ஆரோக்கியம்னு மடமடன்னு குடிச்சு உயிரையே விட்டார். அதுக்கப்புறம்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து நிபுணர் குழு சொல்லிச்சு: அரைக்கிறதுக்கு முன்ன ஒரு துண்டக் கடிச்சுப் பாரு, கசந்தாத் தூர எறி, பாகற்காய் மாதிரி வேற சாறு கலக்காத, குடிச்சபிறகு வாந்தியோ பேதியோ வந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. இத நம்ம பாட்டிங்க குழு போடாமயே செஞ்சாங்க. காம்புப் பக்கம் ஒரு சீவல் நறுக்கி நாக்குல ஒட்டிப் பாக்காம எந்தச் சுரையும் சட்டிக்குள்ள போனதில்ல. கசப்புப் பிடிக்கும், உடம்புக்கு நல்லதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு முழுங்குற உன் வயசுப் பிள்ளைங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.

காய் இனிப்பா இருந்தா உங்கம்மாகிட்ட குடு. கடலைப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கட்டும். சவுராஸ்டா மார்க்கெட்டுல காய்ஞ்ச இறால் ஒரு பிடி வாங்கி, சின்ன வெங்காயத்தோட வதக்கி, சுரையப் போட்டு மூடிவிட்டா அது தன் தண்ணியிலயே வெந்துடும். மேலால ஊத்தாத. தோலத் துவையலாக்கு. கொழுந்து இலையையும் கீரையாக் கடையலாம், அதுவும் கசக்கலன்னாத்தான். சுரைக்காய்க்கு உப்பில்லன்னு சாக்குச் சொல்லாம தட்டக் காலி பண்ணு.

ஒரு காய மட்டும் கொடியிலயே முத்தவிடு. காம்பு காய்ஞ்சதும் வெட்டிக் காத்தாடத் தொங்கவிடு. நம்ம ஊரு ஈரத்துக்கு மேல பூஞ்சை படரும், பதறாத. தோல் கெட்டியா இருந்தா தொடைச்சுட்டு மறுபடி தொங்கவிடு. மாசக்கணக்குல ஆகும். ஆட்டினா உள்ள விதை கலகலன்னு சொல்லும். அப்புறம் மேல ஓட்டை போட்டு, ஊறவெச்சுச் சுரண்டி எடுத்தா குடுக்கை. உன் கொள்ளுத்தாத்தா அதுல என்ன ஊத்தி வெச்சிருந்தார்னு கேக்காத. மோர்தான். பனைமரத்து மோர், தென்னைமரத்து மோர்னு ரெண்டு வகை.

அந்த அலமாரியில, பால்டின் உள்ள சுருட்டி வெச்சிருக்கேன் பாரு, அது குண்டுச்சுரை விதை. நாலு எடுத்துக்க, மிச்சத்த வை. மொத காய் எனக்குத்தான், பேரம் பேசாத. சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுல இருந்து நீயே கல்யாணம் பண்ணிவெச்ச காயா இருக்கணும். கொண்டுவர்றதுக்கு முன்ன ஒரு சீவல் நீ கடிச்சுப் பாத்துட்டுக் கொண்டா. எனக்கு வயசாயிடுச்சு, நாக்கு முன்ன மாதிரி இல்ல.