எஞ்சினுக்குக் காய்ச்சலா?

கேள்வி: லோட்டஸ் செவன் மாதிரி ஒரு காரை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிவிட்டேன். முள் 90 டிகிரியைத் தொட்டாலே எனக்கு வியர்க்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு சூடு சரி?

பதில்: உங்களுக்கு 37 என்றால் அதற்கு 90. காய்ச்சல் இல்லை, ஆரோக்கியம்! பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறப்பதே 82-லிருந்து 88-க்குள்தான். 'ஜில்லுனு ஓடட்டும் சார்' என்று அதைக் கழற்றச் சொல்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சூடேறாத எஞ்சின் பெட்ரோலையும் குடிக்கும், சீக்கிரம் தேயவும் செய்யும். 100-ஐத் தாண்டியதும் கொதித்துவிடாது. ரேடியேட்டர் மூடி நம் குக்கர் வெயிட் மாதிரி: 1 பார் அழுத்தத்தில் தண்ணீர் 120 வரை அடங்கிக் கிடக்கும். (சூட்டோடு திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். முகம் ஒன்றுதான் இருக்கிறது.)

சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்து, அது தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் மேல் சந்தேகம். இந்த வகைக் காரில் மூக்கு தாழ்வு, எஞ்சின் உயரம். உள்ளே சிக்கிய காற்று மேலே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் ஊற்றும் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வரும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, குமிழி அடங்கும்வரை நிதானமாக ஊற்றுங்கள்.