கார் இருக்கிறது, சார்ஜ் போட வாசல் இல்லை

ஐரோப்பாவில் மின்சாரக் கார் விற்கிறதா, இல்லையா? ஒரு நாள் வெற்றி என்கிறார்கள், மறுநாள் சரிவு என்கிறார்கள்.
– கும்பகோணம் வாசகர்

எந்த ஊர்ச் சாலையில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 முழு மின்சாரம். டென்மார்க்கில் பாதிக்குச் சற்று மேல். இத்தாலியில் நூற்றுக்கு நான்கு! ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 13.6 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டை விட ஒரு சதவீதம் குறைவு. 2025இல் மறுபடி ஏறிவிட்டது. மூன்று நாட்டிலும் விற்பது ஒரே கார்கள்தான். ஆகவே குறையைக் காரில் தேடாதீர்கள். வரியில் தேடுங்கள், வீட்டு வாசலில் தேடுங்கள்.

மின்சாரக் காரின் முதல் எதிரி யார்?
– சேலம் வாசகி

மூன்றாவது மாடி.

புரியவில்லையே, மூன்றாவது மாடி என்ன செய்தது?
– லண்டன் வாசகர்

தனி வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவர் இரவில் ஒயரைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பேட்டரி நிரம்பியிருக்கும், அதுவும் இரவு நேர மலிவுக் கட்டணத்தில். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் குடியிருப்பவர் காரைத் தெருவோரம் நிறுத்துகிறார். அவருக்குப் பொதுச் சார்ஜர்தான் கதி. அங்கே யூனிட் விலை வீட்டு மின்சாரத்தை விட எத்தனையோ மடங்கு. உங்கள் பிரிட்டனில் வீட்டு மின்சாரத்துக்கு வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜரில் எடுக்கும் மின்சாரத்துக்கு 20 சதவீதம். வாசல் உள்ளவருக்கு ஒரு வரி, இல்லாதவருக்கு நான்கு மடங்கு வரி. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

நெதர்லாந்தைப் பாருங்கள். சொந்தமாகக் கார் நிறுத்த இடம் இல்லாதவர், தன் வீட்டருகே பொதுச் சார்ஜர் நடும்படி பல நகராட்சிகளில் மனுப் போடலாம். சார்ஜர் எங்கே வரவேண்டும் என்பதைக் கார்காரரே காட்டிக் கொடுக்கிறார். சின்ன நாடு, ஆனால் ஒன்றியத்திலேயே அதிகமான பொதுச் சார்ஜர்கள் அங்கேதான் இருக்கின்றன.

நார்வேயிடம் எண்ணெய்ப் பணம் கொட்டிக் கிடக்கிறது. அவர்களால் முடியும், மற்றவர்களால் முடியுமா?
– ஸ்டுட்கார்ட் வாசகர்

பணம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பணத்தை விடப் பெரிய உதவி, பொறுமை. 1989இல் 'ஆ-ஹா' பாப் இசைக் குழுவினரும் 'பெல்லோனா' என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவரும், மின்சாரத்தில் ஓடும்படி மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவில் ஓஸ்லோ சுங்கச் சாவடிகளைக் கட்டணம் கட்டாமல் கடந்தார்கள். அபராதமும் கட்டவில்லை. அதிகாரிகள் காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். இவர்களே திரும்ப வாங்கி மறுபடி ஓட்டினார்கள். 1990இல் மின்சாரக் காருக்குக் கொள்முதல் வரி நீங்கியது. பின்னர் சுங்கக் கட்டணம் நீங்கியது. 2001இல் 25 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் நீங்கியது. பேருந்துத் தடத்தில் ஓட்டவும் அனுமதி கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நார்வே வாங்குபவர் கையில் பணத்தைத் திணிக்கவில்லை. பெட்ரோல் காருக்கு எடையையும் புகையையும் கணக்கிட்டுக் கனமான வரி போட்டது, மின்சாரக் காருக்கு அதை விட்டுக்கொடுத்தது. ஷோரூமில் இரண்டின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. சலுகையைக் குறைத்தபோதும் நிதானமாகக் குறைத்தார்கள்: 2023இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் வரி வந்தது. முப்பது ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, திசை மாறவில்லை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும்: நார்வேக்குக் காப்பாற்ற வேண்டிய பெரிய கார் ஆலை எதுவும் இல்லை. உங்கள் ஊரில் இருக்கிறது.

ஜெர்மனி கார்களின் தாய்வீடு. அங்கே ஏன் தடுமாற்றம்?
– கோவை வாசகர்

2016இல் மானியம் ஆரம்பித்தது. உச்சத்தில் அரசும் கம்பெனியும் சேர்ந்து ஒரு காருக்கு 9,000 யூரோ வரை கொடுத்தன. 2023 நவம்பரில், 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைக் காலநிலை நிதிக்கு மாற்றிய அரசின் ஏற்பாடு செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கஜானாவில் ஓட்டை. டிசம்பர் 16, சனிக்கிழமை: மறுநாளோடு மானிய விண்ணப்பம் முடிகிறது என்று அரசு அறிவித்தது.

ஒரே நாள் அவகாசம். அதுவும் ஞாயிறு.

காரைப் பதிவு செய்த பிறகுதான் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. கார் ஆர்டர் எடுத்த பிறகு செய்து தருகிற பொருள். வாங்குபவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். மானியத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டு, வண்டி வராமல் காத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சில கம்பெனிகள் அந்தத் தொகையைத் தாங்களே ஈடுகட்டின. 2024இல் ஜெர்மனியில் மின்சாரக் கார் விற்பனை 27 சதவீதம் விழுந்தது.

மானியத்தை நிறுத்தியதை நான் குறை சொல்லமாட்டேன்; எந்த மானியமும் ஒருநாள் நிற்க வேண்டியதுதான். ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்தியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கார் என்பது ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகச் செய்யும் பெரிய செலவு. அரசின் சொல்லை நம்பிக் கடன் வாங்கியவரை அரசே கைவிட்டால், அடுத்த திட்டத்தை யார் நம்புவார்கள்?

ஏழைகளுக்கு இந்தக் கார் மேல் ஆசையே இல்லை என்கிறார்களே?
– மதுரை வாசகி

பிரான்ஸ் அந்தப் பேச்சை ஆறு வாரத்தில் முடித்துவைத்தது. 2024 ஜனவரியில், குறைந்த வருமானம் உள்ளவர்களில் வேலைக்குத் தொலைவு காரில் போகிறவர்களுக்கு, மாதம் 100 யூரோ அளவிலான வாடகையில் மின்சாரக் கார் என்று அரசு அறிவித்தது. எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு, சுமார் 50,000 பேர் வந்து நின்றார்கள். பிப்ரவரியிலேயே அந்த ஆண்டுக்கான கதவை மூடவேண்டியதாயிற்று. ஆசை இல்லாமல் இல்லை, எட்டும் விலைதான் இல்லை.

அப்படியானால் கம்பெனிகள் ஏன் மலிவான காரைச் செய்யவில்லை?
– ஈரோடு வாசகர்

பேட்டரி விலை அதிகம். அதைப் பெரிய, விலை கூடிய எஸ்.யு.வி.க்குள் ஒளித்தால் லாபம் மிஞ்சும். சின்னக் காருக்குள் ஒளிக்க முடியாது. அதனால் உயரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஃபோக்ஸ்வாகன் தன் குட்டி 'இ-அப்' காரை 2023இல் நிறுத்தியே விட்டது. கீழே இடம் காலியாகக் கிடந்தது. 2024இல்தான் சித்ரோன் சி3 மின்சார வண்டி 23,300 யூரோவுக்கும், ரெனோ 5 சுமார் 25,000 யூரோவிலிருந்தும் வந்தன. ரெனோ 5 வட பிரான்சின் துவேயில் தயாராகிறது. தாத்தா பாட்டி ஓட்டிய காரின் முகம், உள்ளே புது மோட்டார். எனக்கு அந்த வண்டி மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தக் காலியிடத்தில்தான் சீனா புகுந்ததோ?
– திருநெல்வேலி வாசகர்

புகுந்தது, மைதானத்துக்குள்ளேயே. 2024 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை ஜெர்மனியில் நடந்தது. முந்தைய கோப்பைக்கு ஃபோக்ஸ்வாகன் புரவலர்; இந்த முறை சீனாவின் பி.ஒய்.டி. ஜெர்மன் ரசிகர் தன் சொந்த மண்ணில் கோல் அடிப்பதைப் பார்த்தபோது, எல்லைக்கோட்டு விளம்பரப் பலகையில் சீனக் கார்.

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஒன்றியம் கூடுதல் சுங்கவரி போட்டது. வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல், பி.ஒய்.டி.க்கு 17, ஜீலிக்கு 18.8, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 சதவீதம். பழைய பிரிட்டிஷ் பெயரான எம்.ஜி. இந்த எஸ்.ஏ.ஐ.சி.யின் கையில்தான் இருக்கிறது. ஜெர்மனி இந்த வரிக்கு எதிராக ஓட்டுப் போட்டது. சீனச் சந்தையை இழக்க அதன் கம்பெனிகள் தயாராக இல்லை. வரி முழு மின்சாரக் காருக்கு மட்டும் என்பதால் சீனக் கம்பெனிகள் பிளக்-இன் ஹைபிரிட்களை அதிகம் அனுப்புகின்றன. பி.ஒய்.டி. ஹங்கேரியின் செகெட் நகரில் ஆலையே கட்டுகிறது. வரி கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். மலிவான காரை ஐரோப்பாதான் செய்தாக வேண்டும்.

விளம்பரங்களில் 'பூஜ்யம் புகை' என்று போடுகிறார்களே, உண்மையா?
– தஞ்சாவூர் வாசகி

ஓடும்போது உண்மை, தயாரிக்கும்போதும் சார்ஜ் ஏற்றும்போதும் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2024 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ, எம்.ஜி. இரண்டின் விளம்பரங்களையும் இதே காரணத்துக்காகத் தடுத்தது. நல்ல தீர்ப்பு. மின்சாரக் காருக்கு வாழ்நாள் கணக்கில் உண்மையாகவே மேன்மை இருக்கிறது. அதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. 'மாதம் மொத்தம் எவ்வளவு செலவு, ஜனவரிக் குளிரில் எவ்வளவு தூரம் போகும்' என்ற இரண்டு எண்களைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரம் எதையாவது யாராவது பார்த்தீர்களா? வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்த இரண்டைத்தான்.

பெயர்களே குழப்புகின்றன. எழுத்தும் எண்ணுமாக ஏன் வைக்கிறார்கள்?
– பாண்டிச்சேரி வாசகர்

புதுமையைக் காட்ட நினைத்தார்கள். ஃபோக்ஸ்வாகன் 'ஐடி.3', 'ஐடி.4' என்று வரிசை வைத்தது. 2025இல் சின்னக் காருக்கு 'ஐடி. போலோ' என்று பழைய பெயரையே திரும்ப அழைத்தது. அரை நூற்றாண்டாகச் சேர்த்த நல்ல பெயரை அலமாரியில் பூட்டி வைப்பது வியாபாரமா?

குளிரில் ரேஞ்ச் குறையுமா?
– ஓஸ்லோ வாசகி

குறையும். கடுங்குளிரில் நூற்றுக்கு 20, 30 கூடக் குறையலாம். உங்கள் நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கார்களை வரிசையாக ஓட்டிப் பார்த்து முடிவை வெளியிடுகிறது. உங்கள் மக்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

தீப்பிடிக்கும் என்று பயமாக இருக்கிறதே?
– லண்டன் வாசகி

2023 அக்டோபரில் உங்கள் லூட்டன் விமான நிலையக் கார் நிறுத்துமிடம் எரிந்தது. தீ அணைவதற்குள் 'மின்சாரக் கார்தான் காரணம்' என்று செய்தி பரவிவிட்டது. தீ தொடங்கியது ஒரு டீசல் காரில். பேட்டரித் தீயை அணைப்பது கடினம், அது உண்மை. அடிக்கடி எரிபவை மின்சாரக் கார்கள் என்பது உண்மையல்ல.

டெஸ்லாவுக்கு என்ன ஆயிற்று?
– சென்னை வாசகர்

2023இல் ஐரோப்பாவில் அதிகம் விற்ற கார் 'மாடல் ஒய்'. எல்லா ரகத்தையும் சேர்த்து, மின்சாரக் கார் ஒன்று முதலிடம் பிடித்தது அதுவே முதல் தடவை. ஆனால் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே டெஸ்லா விலையைத் திடீரென்று குறைத்தது. புதிதாக வாங்கியவருக்கு மகிழ்ச்சி. முந்தைய மாதம் வாங்கியவருடைய காரின் மறுவிற்பனை மதிப்பு சரிந்தது. வாடகைக் கார் நிறுவனமான சிக்ஸ்ட் டெஸ்லாவைக் கைவிட்டதற்கும் அதுவே காரணம். 2025 ஜனவரியில் டெஸ்லா தலைவர் மஸ்க் ஜெர்மனியின் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சிக் கூட்டத்தில் திரையில் தோன்றி ஆதரவு கேட்டார். 'இவர் இப்படி ஆகுமுன் வாங்கியது' என்ற பொருளில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உரிமையாளர்கள் ஓட்ட ஆரம்பித்தார்கள். விற்பனை சரிந்தது. ஏப்ரலில் மின்சாரக் கார் பதிவில் பி.ஒய்.டி. முந்தியது.

மறுவிற்பனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?
– நாமக்கல் வாசகர்

ஐரோப்பாவில் பெரும்பாலான குடும்பங்கள் புதுக் கார் வாங்குவதே இல்லை. புதுக் கார்களில் பாதிக்கு மேல் கம்பெனிகளின் பெயரில் பதிவாகின்றன. மூன்று நான்கு வருடம் ஓடிய பிறகு அவை சாதாரணக் குடும்பத்துக்கு வந்து சேர்கின்றன. பெல்ஜியம் வரிச்சலுகையைப் புகையில்லாத கம்பெனிக் காருக்கு மட்டும் என்று திருப்பியதும், அங்கே விற்பனை வேகமாக ஏறியது. அந்தக் கார்கள் பழையதாகிச் சந்தைக்கு வரும்போது வாங்குபவர் பயப்படுவது பேட்டரிக்கு. வழக்கமான உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். பேட்டரியின் உண்மை நிலையைச் சொல்லும் சான்றிதழைக் கட்டாயம் ஆக்கினால், நூறு விளம்பரம் செய்யாததை அது செய்யும்.

2035இல் பெட்ரோல் கார் விற்பனை நிற்குமா, நிற்காதா?
– திருச்சி வாசகர்

2023இல் சட்டம் நிறைவேறியது. செயற்கை எரிபொருளுக்கு விலக்குக் கேட்டு ஜெர்மனி கடைசி நேரத்தில் முரண்டு பிடித்தது. 2025 புகை வரம்பை மீறினால் கட்ட வேண்டிய அபராதத்தை மூன்று ஆண்டுச் சராசரியாகத் தளர்த்தினார்கள். 2025 டிசம்பரில், 2035க்கான 100 சதவீதப் புகைக் குறைப்பை 90 ஆக்கலாம் என்று ஒன்றியத்தின் ஆணையமே முன்மொழிந்தது. ஒவ்வொரு தளர்வும் வாங்க நினைப்பவர் காதில் 'அவசரமில்லை, பொறு' என்றுதான் விழுகிறது.

நம் நாட்டு மின்சாரக் கார் எதுவும் ஐரோப்பாவில் ஓடியதுண்டா?
– ஓசூர் வாசகி

உங்கள் பக்கத்து ஊர்க் கார்! பெங்களூரில் தயாரான 'ரேவா', லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஓடியது. 2003இல் வந்த நகர நெரிசல் கட்டணத்திலிருந்து மின்சார வண்டிகளுக்கு விலக்கு இருந்ததால் அதற்குக் கிராக்கி. மோதல் சோதனையில் மோசமாகத் தோற்றது. பாதுகாப்பான வண்டி என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் துணிந்து கடல் கடந்தது. அந்த நெரிசல் கட்டண விலக்கு 2025 கிறிஸ்துமஸ் நாளோடு முடிந்தது.

ஐயா, பாரிஸ் புறநகரில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறேன். அடித்தளத்தில் எனக்கென்று கார் நிறுத்தும் இடம் உண்டு. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டம். நான் வாங்கலாமா?
– பாரிஸ் வாசகர்

தாராளமாக. உங்கள் ஓட்டத்துக்குச் சின்ன பேட்டரியே போதும், பெரியதற்குப் பணம் கொடுக்காதீர்கள். காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குரிய இடத்தில் சொந்தச் செலவில் சார்ஜர் வைத்துக்கொள்ள வாடகைக்காரருக்கும் பிரான்ஸ் சட்டம் உரிமை தந்திருக்கிறது. வீட்டு உரிமையாளருக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் வேலையின் விவரத்தோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். தக்க காரணம் காட்டி மறுக்க வேண்டுமானால் நீதிமன்றம் போகவேண்டியது அவர்கள்தான். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.