ஒரே அச்சில் மூன்று பிராணி

சென்னை பெரும்பாக்கம் டீக்கடையில் நாலு பல்கலைக்கழகப் பிள்ளைகள் உட்கார்ந்து 'ஈவோ-டீவோ' என்று விவாதித்தால், ஏதோ புது பிஸ்கட் வந்திருக்கிறது என்றுதான் கடைக்காரர் நினைப்பார். விஷயம் இவ்வளவுதான்: முட்டைக்குள் ஓர் உயிர் உருவாகிற விதத்துக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிரினங்கள் மாறிவந்த விதத்துக்கும் என்ன உறவு? அந்த உறவைத் தேடிப் போன பெரியவர்களின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதல் பெரியவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். இரண்டு கருக்களைச் சாராயத்தில் போட்டு வைத்தார். பெயர்ச்சீட்டு ஒட்ட மறந்துவிட்டார். பிறகு எடுத்துப் பார்த்தால் பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று அவருக்கே பிடிபடவில்லை. நாமாக இருந்தால் சத்தமில்லாமல் கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவி வைத்திருப்போம். அவரோ 1828-இல் அதையே புத்தகத்தில் எழுதினார்: முதுகெலும்புள்ள பிராணிகள் தொடக்கத்தில் ஒரே ஜாடை, வளர வளரத்தான் தனித்தனி முகம். இந்தக் கதையை டார்வின் 1859-இல் தன் நூலில் எடுத்துச் சொன்னார், ஆனால் பெருமையை அகாசிஸ் என்ற வேறொரு விலங்கியலாளரின் கணக்கில் வரவு வைத்துவிட்டார். பின்னால் வந்த பதிப்பில்தான் திருத்தினார். சீட்டு இல்லாத கருவுக்கு ஆள் மாறிய மேற்கோள், பொருத்தம் சரிதான்.

அடுத்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். இவருக்கு அடக்கம் என்ற வியாதி கிடையாது. ஒவ்வொரு கருவும் தன் மூதாதையரின் வரலாற்றை வேகமாக ஒருமுறை ஓட்டிக் காட்டுகிறது என்று 1866-இல் விதியே வகுத்தார். 1868-இல் வெளியிட்ட நூலில் நாய், கோழி, ஆமை மூன்றின் கருக்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, வித்தியாசம் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று சவால் விடாத குறை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து விலங்கியலாளர் லுட்விக் ரூட்டிமேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வித்தியாசம் எப்படி இருக்கும்? ஒரே மரக்கட்டை அச்சை மூன்று முறை குத்தியிருந்தார்கள்!

மாட்டிக்கொண்ட ஹெக்கல் அடுத்த பதிப்பில் ஒரே படத்தை வைத்து, இது மூன்றுக்கும் பொருந்தும் என்கிற தோரணையில் சமாளித்தார். 1874-இல் மீன் முதல் மனிதன் வரை எட்டுப் பிராணிகளை வரிசை கட்டி நிறுத்தினார். அந்தப் படத்தையும் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் கிழித்துத் தொங்கவிட்டார்.

1881 நவம்பரில் ஹெக்கல் கடலுயிர்களைத் தேடிப் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு இலங்கையில் வந்து இறங்கினார். வெலிகம ரெஸ்ட் ஹவுஸில் ஆய்வகம். அங்கே பொறுப்பாளரின் பெயர் நீளமாக இருந்ததால், முகச்சாயலைப் பார்த்து அவருக்கு 'சாக்ரடீஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஆனால் வெப்பமண்டலம் இவருடைய விதிகளைப் படித்ததில்லை. கருவிகள் துருப்பிடித்தன, கடலில் அள்ளிய உயிர்கள் வெயிலில் சீக்கிரமே கெட்டன, வெள்ளைக்காரர் என்னதான் செய்கிறார் என்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நம் பெரும்பாக்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்போரம் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் மிச்சத்தைக் கொசு கவனித்திருக்கும்.

இனிதான் வேடிக்கை. ஹெக்கலைக் கையும் களவுமாகப் பிடித்த அதே பாசல் நகரில், 1984-இல் வால்ட்டர் கெரிங்கின் குழு ஈயின் மரபணுக்களைக் குடைந்துகொண்டிருந்தது. எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று உத்தரவு போடும் மரபணுக்களில் 180 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு. தேடினால் தவளையிலும் அதுவே, எலியிலும் அதுவே, மனிதனிலும் ஏறக்குறைய அதுவே. 1995-இல் எலியின் கண் மரபணுவை ஈக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். ஈயின் காலில் கண் முளைத்தது. எலிக்கண் இல்லை, அசல் ஈக்கண்!

பெரும்பாக்கத்தில் அரசு வாரியம் கட்டிய எட்டடுக்குக் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எல்லா வீட்டுக்கும் வரைபடம் ஒன்றுதான். உள்ளே போனால் ஒரு வீட்டில் தையல் மிஷின், ஒரு வீட்டில் இட்லிக் கடை, ஒரு வீட்டில் டியூஷன். மரபணுக் கருவி பொது. எதை எங்கே, எப்போது முடுக்குவது என்பதில்தான் ஈயும் எலியும் பிரிகின்றன.

ஆக, ஒரே அச்சைத் திரும்பத் திரும்பக் குத்தியது ஹெக்கல் மட்டுமல்ல. இயற்கை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக அதே வேலையைச் செய்துவருகிறது. அதைக் கேட்க எந்த ரூட்டிமேயரும் வரவில்லை. அதற்காக ஹெக்கலை விடுவிக்க முடியாது. அவருடைய விதி தேறவில்லை. பேயர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மதிப்பெண் போடச் சொன்னால் கேள்வி கேட்ட துணிச்சலுக்குப் பத்து, படத்துக்கு முட்டை. கருவியல்காரர் முட்டைக்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.