மூச்சுக் கணக்கு

ஜி.என்.எம். நர்சிங் படிப்பு 3 ஆண்டு. அதில் முதல் சில மாதம் படுக்கை விரிப்பின் மூலையை 45 டிகிரியில் மடிக்கவே சரியாகிவிடும். மடித்து நிமிர்வதற்குள் நோயாளியின் மாமியார் அதன்மேல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்.

மூச்சை எண்ணுவது இன்னொரு கூத்து. எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். எனவே நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்தபடி, ஓரக்கண்ணால் நெஞ்சைக் கவனித்து ஒரு நிமிடம் எண்ணவேண்டும். பாடத்திட்டம் அனுமதித்த ஒரே திருட்டுத்தனம்! பதினேழில் நிற்கும்போது பெரியவர் கேட்பார்: “பாப்பா, ஊசி வலிக்காமப் போடுவியா?” மறுபடி ஒன்றிலிருந்து.

விளக்கேற்று விழாவில் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியை அந்த அம்மையார் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். அதில் பஞ்சு உருட்டுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. வார்டு சிஸ்டரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். உருட்ட இன்னும் 2 டிரம் பஞ்சு கொடுத்தார்.